முந்தின நாள் பக்கம்

1

2025 ஜூலை 24, வியாழக்கிழமை, முஹர்ரம் 28. காலை 4.25க்கு விழிப்பு. 5.15க்குப் பள்ளிவாசலில் சுபுஹு ஜமாஅத். இமாம் ஹஜ்ரத்துக்குத் தொண்டை கட்டியிருந்ததால் சின்ன அத்தியாயங்களாக ஓதி முடித்தார். திரும்பும் வழியில் ஒரு டீ, சர்க்கரை பாதி. 6.10க்கு வீட்டில் மோட்டார் போட்டேன்; தொட்டி நிரம்பி 6.35க்கு நிறுத்தினேன். 7 மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை. 7.30க்கு இடியாப்பம், தேங்காய்ப்பால். 8 மணிக்கு டைரியைத் திறந்து, இன்று செய்ய வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி எழுதினேன்: ஸ்ரீரங்கம், ரெங்கராஜ் வீடு.

அந்த வரியை எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. வருடத்தில் இருபத்தாறு நாள் மட்டும் நான் இந்த வீட்டில் இருப்பவன். மற்ற நாட்களில் ஓமானில், சோஹார் என்ற துறைமுக ஊரில். அங்கே பெரிய இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து அனுப்பும் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர். கைலாசபுரம் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தபோது கற்ற வெல்டிங்கை வைத்துக்கொண்டு 2003 ஜூலையில் விமானம் ஏறினேன். இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம். மனைவி சபுராவும் மகள் ஹனாவும் என்னோடு அங்கேதான் இருக்கிறார்கள். ஹனாவுக்குப் பதினாறு வயது. பிறந்ததே அங்கேதான்.

சோஹாரிலும் இதே வரிசைதான்: தொழுகை, மாத்திரை, டைரி. டீக்கடைதான் கிடையாது. இங்கே வந்த இரண்டாம் நாள் டீக்கடையில் காசைக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில், முடிந்தது என்பதற்கு அரபியில் "கலாஸ்" என்றேன். "வந்து ரெண்டு நாள் ஆச்சே பாய், இன்னும் ஏரோபிளேன விட்டு எறங்கலையா?" என்றார் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு லீவிலும் எழுதி முடித்த டைரியைத் திருச்சிக்குக் கொண்டு வந்து இரும்பு பீரோவின் மேல் தட்டில் அடுக்குவேன். இப்போது இருபத்திரண்டு இருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம். யார்டில் என் பெயர் டைரி சார். யார் எப்போது என்ன சொன்னார் என்று சண்டை வந்தால், "டைரி சார்கிட்ட கேட்ருவோம்" என்பார்கள். நான் பார்த்துச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

2

எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் செயலாளர் ஜாபர் பாய் போன வாரம் வீட்டுக்கு வந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகப்போகும் இளைஞர்கள் இருபது பேருக்கு, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா ஹாலில் நான் பேச வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே வைத்து, என் படத்தோடு ஃப்ளெக்ஸும் கட்டிவிட்டார். "இஸ்லாம் காட்டும் தலைமை: ஏழு பண்புகள்."

"ஏன் பாய் ஏழு?" என்று கேட்டேன்.

"அஞ்சுன்னு போட்டா ஃப்ளெக்ஸுல சின்னதாத் தெரியுது. பத்துன்னா பசங்க எந்திரிச்சிப் போயிருவாங்க."

"நான் மார்க்கம் படிச்ச ஆலிம் இல்லையே. வெல்டர்."

"அதான் வேணும். ஆலிம் சொன்னா பயானுன்னு தூங்கிருவாங்க. முப்பது பேரை வச்சு வேலை வாங்குறீங்கள்ல? அதைச் சொல்லுங்க."

என்னிடம் இருப்பது முப்பத்து நான்கு பேர். திருத்தவில்லை.

தலைமையைப் பற்றி மார்க்கம் சொல்வதில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் காதில் விழுந்து, பிறகு கண்ணால் பார்த்துப் புரிந்தவைதான். பதவியை நீயாகக் கேட்டு வாங்காதே என்பது ஒன்று. நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பிலிப்பினோ முதுகுவலி என்று ஊருக்குப் போனதால் சூப்பர்வைசர் ஆனேன். யார்டில் தொழுகைக்கென்று ஒரு கன்டெய்னர் அறை உண்டு. அங்கே வருகிறவர்களில் எனக்குத்தான் அதிக அத்தியாயங்கள் மனப்பாடம் என்பதால் இமாமாக முன்னால் நிற்கிறேன். அந்த அதிகம் என்பது பதினான்கு.

தலைவன் ஊழியம் செய்கிறவன் என்பது இன்னொன்று. மதீனாவைக் காக்க அகழி தோண்டியபோது நபிகள் நாயகம் தாமும் மண் சுமந்தார்கள் என்று சிறு வயதில் கேட்டது. ஆனால் எனக்கு அது புரிந்தது எங்கள் அத்தாவைப் பார்த்து. ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும் பொறுப்பு அவரிடம் இருந்தது. வரிசையில் எங்கள் வீட்டுத் தூக்குவாளி எப்போதும் கடைசியில்தான் இருக்க வேண்டும். சில நாள் அடிப்பிடித்த கஞ்சிதான் கிடைக்கும். அம்மா முணுமுணுப்பார். "ஊத்துறவன் வீட்டுக்குக் கெட்டியா வந்தா நாளைக்கி எவன் வரிசையில நிப்பான்?" என்பார் அத்தா.

கலந்து முடிவெடுப்பது, மஷூரா. இதில் நான் சுமார். தினமும் காலை வேலைக்கு முன் பத்து நிமிடக் கூட்டம் நடத்துகிறேன். அதில் ஒன்பது நிமிடம் நானே பேசுகிறேன். பலவீனமானவரை நினைத்து வேகத்தை வைப்பது: பின்னால் குழந்தை அழுதால் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் இமாமைப் போல. நீதி, தனக்கே எதிராக இருந்தாலும். அமானிதம், அதாவது பிறர் நம்பி நம்மிடம் விட்டதை அப்படியே வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது. இப்படி ஆறு சேர்ந்தன.

ஏழாவதுதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பின்னாலிருந்து வரும் திருத்தத்தை ஏற்பது. ஜமாஅத் தொழுகையைப் பார்த்திராதவர்களுக்காக எழுதுகிறேன்: இமாம் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், குனிந்தால் குனிய வேண்டும். ஆனால் அவர் எண்ணிக்கையில் தவறினால் பின்னால் நிற்கும் யாரும், எவ்வளவு எளியவரானாலும், "சுப்ஹானல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லலாம். சொல்ல வேண்டும். இமாம் அங்கேயே திருத்திக்கொண்டு, கடைசியில் மறதிக்காக, நெற்றி தரையில் பட, இரண்டு சஜ்தா கூடுதலாகச் செய்ய வேண்டும். அவரோடு சேர்ந்து எல்லோரும் செய்வார்கள்.

எனக்கே அது நடந்திருக்கிறது. டைரியில் இருக்கும் என்று ஞாபகம்.

3

புதன்கிழமை மாலை 4.50. ஹனா மடிக்கணினியோடு பீரோவுக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் பேச்சுக்கு ஏழு ஸ்லைடு செய்து தருவது அவள் வேலை. லீவில் தினமும் என் பழைய டைரியில் இரண்டு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. நான் ஐந்து கேட்டேன். பேரம் பேசி இரண்டாக்கினாள். தமிழ் பேசுவாள். ஆனால் வாசிக்கும்போது படிக்கட்டு இறங்குகிற மாதிரி எழுத்து எழுத்தாக இறங்குவாள். யோசிப்பதும் கோபப்படுவதும் இப்போதெல்லாம் ஆங்கிலத்தில். இன்னும் இரண்டு வருடத்தில் கல்லூரிக்கு எங்கே போவாள் என்று தெரியாது. அதனால் இந்த இரண்டு பக்கத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

2023 டைரியை எடுத்து ஜூலை 4, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன்.

"அத்தா, இது தமிழா, ஈசிஜியா?"

"வாசிம்மா."

வாசித்தாள். பெருநாள் விடுமுறை முடிந்து யார்டு திறந்த வாரம். வெயில். ரக்அத் என்ற சுற்று நான்கு முடிய வேண்டிய அஸர் தொழுகையில் மூன்றாவதிலேயே கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டேன். யார்டைப் பெருக்கும் பங்களாதேஷ்காரர் ஷஃபீக் பின்வரிசையிலிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்றார். எழுந்து நான்காவதை முடித்தேன். பிறகு அவரிடம் கை கொடுத்தேன். எல்லாம் அப்படியே இருந்தது.

"போதும். அது வரைக்கும் டைப் பண்ணு. இதுதான் ஏழாவது."

"பக்கம் முடியலையே. பாதி வாசிச்சா அது பக்கம் கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சரி, முடி."

"மா...லை அஞ்சு இருபது. பஸ்ஸில் ரெங்க...ராஜ் கேட்டார். நாலு டன் பெல்ட் இரண்டில் பழைய நிறம். நாளை காலை மட்டும் ஓட்டுங்கள், மதியம் நிறம் போடலாம் என்றேன்."

 நான் டைரியை வாங்கி என் கண்ணால் ஒருமுறை வாசித்தேன். என் கையெழுத்துதான்.

"யார் அத்தா ரெங்கராஜ்?"

ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்காரர். என்னிடம் ரிக்கராக இருந்தார். கிரேன் தூக்கும் பாரத்துக்குப் பெல்ட் மாட்டுவதும், தூக்கு, இறக்கு என்று கை காட்டுவதும் ரிக்கர் வேலை. அந்தப் பெல்ட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்து, அந்தக் காலாண்டுக்குரிய நிறத்தைப் பூசுவோம். பழைய நிறம் உள்ளதை யாரும் தொடக் கூடாது. அந்த வாரம் விடுமுறையால் நிறம் போடும் வேலை பின்தங்கியிருந்தது. மறுநாள் ஜூலை 5 காலை 7.50க்கு, பழைய நிறப் பெல்ட் ஒன்று அறுந்து குழாய் கீழே விழுந்தது. முழங்கால் உயரத்திலிருந்துதான். யாருக்கும் அடியில்லை. ஒரு வால்வு நசுங்கியது. விசாரணை வந்தது.

"முந்தின நாள் பஸ்ஸுல சார்கிட்ட கேட்டேன், ஓட்டுங்கன்னாரு" என்றார் ரெங்கராஜ். எனக்கு நினைவே இல்லை. டைரியைத் திறந்து ஜூலை 5ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். "ரெங்கராஜ் அனுமதி கேட்கவில்லை" என்று அன்று மதியம் நானே எழுதியிருந்தேன். டைரியில் இல்லை என்று சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார்.

ஜூலை 4ம் ஜூலை 5ம் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள். தாளைத் திருப்பியிருந்தால் போதும்.

இதையெல்லாம் ஹனாவிடம் சொன்னேன். அவள் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப அவர் கேட்டிருக்காரு."

"ஆமா."

"நீங்க சரின்னிருக்கீங்க."

"ஆமா."

"அதை அவர் சொன்னப்ப நீங்க இல்லன்னீங்க."

"டைரியில இல்லன்னேன்."

"இருக்கே."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான். பிறகு திரையைப் பார்த்து, "ஏழாவது ஸ்லைட் வேணுமா, டெலீட் பண்ணிரவா?" என்றாள்.

ஷஃபீக் ஒரு சொல் சொன்னதும் அந்த நொடியே எழுந்து நின்றவன் நான். கன்டெய்னர் அறையை விட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டதும் வேறு ஆளாகியிருக்கிறேன்.

ரெங்கராஜோடு ஒரே அறையில் இருந்து, இப்போதும் சோஹாரில் உள்ள செல்வத்துக்குப் போன் செய்து விலாசம் வாங்கினேன். செல்வம் இன்னொன்றும் சொன்னார். ரெங்கராஜுக்கு வெளிநாட்டு வேலை இரண்டு முறை கூடி வந்து தட்டிப்போயிருக்கிறது. பழைய கம்பெனியில் விசாரித்தால் பாதுகாப்பு விதி மீறல் என்று பதில் போகிறதாம். இப்போது கத்தாரில் ஓர் இடம். மன்னார்புரத்தில் உள்ள ஏஜென்ட் நன்னடத்தைக் கடிதம் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

4

வியாழன் காலை 9.50க்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"மாம்பழச் சாலையோட எறங்கிக்கிடணும். அதுக்கு மேல போகாது" என்றார் கண்டக்டர்.

"ஏன்?"

"என்ன பாய் இப்பிடிக் கேக்குறீங்க? இன்னிக்கி ஆடி அமாவாசை."

அருகில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய்க்கு எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்மா. மலைக்கோட்டை."

"பாத்தாத் தெரியலையே" என்றார். பஸ்ஸே சிரித்தது.

என் டைரியில் தினமும் இரண்டு தேதி எழுதுகிறேன். திருச்சியில் இருந்தவரை மூன்று எழுதுவேன். ஆடி, ஆவணியும் இருக்கும். எந்த வருடத்தில் அது விட்டுப்போனது என்று தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மண்டபத்துக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் சாலையை நிறைத்தார்கள். ஈர வேட்டி, எள்ளுப் பொட்டலம், மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு. மேலூர் சாலைக்கு நடந்து சேர 45 நிமிடம் ஆனது. என்ன சொல்வது என்று நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வழியில் பல முறை சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி கோமதி.

"அவரு மண்டபத்துக்குப் போயிருக்காரு, அவங்கப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்க. வந்துருவாரு, உக்காருங்க. நீங்க?"

"என் பேர் நசீர். சோஹார்ல அவரோட சூப்பர்வைசரா இருந்தேன்."

"டைரி சாரா?"

ஆமாம் என்றேன். அவர் முகம் இறுகியது. மரியாதை குறையவில்லை. விசிறியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிடத்தில் ரெங்கராஜ் வந்தார். ஈர வேட்டி, தோளில் துண்டு, கையில் காலி செம்பு. தலையில் நரை கூடியிருந்தது. என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"வாங்க சார். என்ன, ரெண்டு வருஷம் கழிச்சு பெல்ட் கலர் பாக்க வந்தீங்களா?"

நான்கு வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்துப் பிரித்து, மாலை 5.20 என்று தொடங்கும் அந்த வரிகளை வாசித்தேன். பிறகு தாளைத் திருப்பி ஜூலை 5ஆம் தேதியையும் வாசித்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரி ரெங்கராஜ். நான் முந்தின நாள் பக்கத்தைப் பாக்கல. தப்பு என்னோடது."

அவர் செம்பைத் தரையில் வைத்தார். சமையலறை வாசலிலிருந்து கோமதிதான் கேட்டார், அவரைப் பார்த்து:

"அப்ப நீங்க நெசமாவே கேட்டீங்களா?"

"எத்தன தடவ சொல்லிருக்கேன் உங்கிட்ட."

"நான் நம்பலையே." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "டைரி சார் எழுதுனா எழுதுனதுதான், ஒரு புள்ளி மாறாதுன்னு நீங்கதான பெருமையா சொல்வீங்க." என்னைப் பார்த்தார். "உங்க டைரியில இல்லன்னா இவருக்குத்தான் மறதின்னு நெனச்சேன் சார். போன வாரம் காஸ் புக் பண்ண மறந்துட்டாரு. இதுவும் பெல்ட்டு மாதிரியான்னு கேட்டேன். எங்க அத்தை முன்னாடி வச்சு."

"விடு" என்றார் ரெங்கராஜ்.

"எப்பிடி விடுறது?"

ரெங்கராஜ் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அவளச் சொல்லிக் குத்தமில்ல சார். எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமா கேட்டமா, கேக்கணும்னு நெனச்சமா? இப்பத் துவாக்குடியில கிரேன் கான்ட்ராக்டர்கிட்ட இருக்கேன். ஒரு தூக்குக்கு முன்னாடி மூணு தடவ கேப்பேன். பசங்க கிண்டல் பண்ணுவானுங்க."

ஒரு வால்வுதான் நசுங்கியது என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"அது இருக்கட்டும். கம்பெனிக்குச் சொல்வீங்களா?"

"இன்னிக்கே எழுதுறேன்."

"உங்களுக்கு ரினியூவல் எப்ப சார்?"

"செப்டம்பர்."

"அப்ப அக்டோபர்ல எழுதலாமே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை.

"மன்னார்புரத்துல திங்கட்கிழமைதானே கடைசி. செல்வம் சொன்னார்."

சிரிப்பு நின்றது. துண்டால் தலையைத் துவட்டினார். ரொம்ப நேரம் துவட்டினார்.

கோமதி காபி கொண்டு வந்தார். "படைக்காம இன்னிக்கி சாப்பாடு போட முடியாது சார், தப்பா நெனச்சுக்காதீங்க." டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். "அந்தப் பக்கத்தை எங்களுக்குக் குடுத்துருங்களேன். அத்தைகிட்ட காட்டணும்."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்மா. டைரியில பக்கம் கிழிச்சதில்ல இதுவரைக்கும்."

"இருபது வருஷ டைரி கோமதி. அவரு கிழிப்பாரா? ஜெராக்ஸ் போதும்" என்றார் ரெங்கராஜ்.

"ஜெராக்ஸுல யாரு வேணா என்ன வேணா எழுதலாம்னு அத்தை சொல்வாங்க" என்றார் கோமதி. மேற்கொண்டு கேட்கவில்லை.

பஸ் கிடைக்கும் இடம் வரை ரெங்கராஜ் கூட நடந்து வந்தார். அமாவாசைக் கூட்டத்தில் பேச முடியவில்லை. பிரியும்போது, "ஷஃபீக் நல்லா இருக்காரா?" என்று கேட்டார்.

5

வீட்டுக்கு 1.40க்கு வந்தேன். லுஹர் தொழுதுவிட்டு, ஹனாவை மடிக்கணினி முன் உட்கார வைத்தேன். சோஹார் அலுவலகம் அங்குள்ள 5 மணிக்கு மூடும்; நம் நேரம் 6.30. வெள்ளியும் சனியும் விடுமுறை.

கம்பெனி இணையதளத்தில், ஒரு வருடத்துக்கு மேல் ஆன விபத்து அறிக்கையைத் திறக்க வழியில்லை. திறக்கக் கோரும் படிவம் தனி. அதில் காரணம் என்ற இடத்தில் நாமாக எழுத முடியாது. பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

"புது ஆதாரம், எழுத்துப் பிழை, புது சாட்சி. எதைப் போடட்டும் அத்தா?"

"சூப்பர்வைசரின் தவறுன்னு இல்லையா?"

"இல்ல. அதைச் சொல்ல யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

புது ஆதாரம் என்று போட்டோம். தாளின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இணைத்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். இடையில் ஒரு முறை நிறுத்தி, "இது உங்க வேலைக்குப் பிரச்சினையா?" என்றாள்.

"ஆகலாம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"காலையில சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இந்த வருஷம் கார் மாத்த வேணாம்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

5.40க்கு அனுப்பினோம். 6.05க்கு மேனேஜர் கூப்பிட்டார். மலையாளி, எனக்குப் பத்து வயது இளையவர். லீவில் போய் ஏன் இந்த வேலை, திரும்பி வந்த பிறகு பேசியிருக்கலாமே என்றார். இது என் கோப்பிலும் ஏறும் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ரெங்கராஜின் கடிதம் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றேன்.  ஞாயிறு காலை முதல் வேலையாகத் தாமே பார்ப்பதாகச் சொன்னார். சொன்னதைச் செய்கிற ஆள்தான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் ஜாபர் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"இதைப் பசங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

"ஏழாவதை மட்டும் சொல்லப் போறேன். கூடவே இதையும்."

"ஃப்ளெக்ஸுல ஏழுன்னு போட்டுட்டனே பாய்!"

"ஆறை நீங்க சொல்லிருங்க."

"ஹஜ்ரத்தைக் கேப்போம்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஸ்லைடுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது, அமானிதம். நான் சொன்னதை ஹனா அப்படியே போட்டிருந்தாள்: பிறர் நம்பி நம்மிடம் விட்டது, உடையவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கீழே படம் வேண்டும் என்று ஒரு பூட்டும் சாவியும் வைத்திருந்தாள். கோமதி கையைத் துடைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. நான் ஜெராக்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கடையில் பிளேடு வாங்கி வந்து பீரோ மேல் வைத்தேன். 9.45க்குத் தூக்கம். நல்ல தூக்கம்.

6

ஜூலை 25, வெள்ளிக்கிழமை, முஹர்ரம் 29, ஆடி 9.

சுபுஹு முடிந்து டீக்கடையில் நிற்காமல் 5.40க்கு வீட்டுக்கு வந்தேன். மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக 2023 டைரியை எடுத்து மேசையில் விரித்தேன். ஹனா எழுந்து வந்திருந்தாள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்தாள். தையல் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டு, மேலிருந்து கீழாக அந்தத் தாளை ஒரே இழுப்பில் அறுத்தேன். ஜூலை 5ஆம் தேதியில், அனுமதி கேட்கவில்லை என்ற வரிக்குக் கீழே, "இது தவறு. கேட்டார். மறுபக்கம் பார்க்கவும்" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மை காயும் வரை காத்திருந்து உறையில் வைத்தேன். உறையின் மேல் ரெங்கராஜ் என்று எழுதினாள் ஹனா, தமிழில். 6.20 பஸ்ஸுக்கு இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.